பிடித்தமும் கூலிதான், கணக்குக் கேட்போம்

நம் கூட்டங்களில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பேசுகிறோம், இட ஒதுக்கீடு பேசுகிறோம், பஞ்சமி நிலம் பேசுகிறோம். யாராவது பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று ஆரம்பித்தால் மட்டும், "அது சங்கத்துக்காரங்க வேலை தோழர்" என்று அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறோம். இந்தப் பழக்கம் மாற வேண்டும். நம் மக்களின் கூலியிலிருந்து மாதாமாதம் ஒரு தொகை "பிடித்தம்" என்ற ஒற்றை வார்த்தைக்குள் போய் மறைகிறது. அது எங்கே போகிறது என்று கேட்பதும் சாதி ஒழிப்பு அரசியல்தான்.

புழல் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஏரியும் மத்திய சிறையும் நினைவுக்கு வரும். இங்கே இருப்பவர்களுக்கு ஜி.என்.டி. சாலை ஓரக் குடோன்கள், கன்டெய்னர் யார்டுகள், மாதவரத்துக்கும் மணலிக்கும் எண்ணூருக்கும் விடியற்காலையில் ஆள் ஏற்றிப் போகும் வேன்கள்தான் ஊர். கூட்டுவது, கழுவுவது, மூட்டை ஏற்றுவது, கேட்டில் நிற்பது. இந்த வேலைகளுக்கு கம்பெனி நேரடியாக ஆள் எடுப்பது அரிது. நடுவில் ஒரு கான்ட்ராக்டர், அவருக்குக் கீழே ஒரு மேஸ்திரி. சம்பளம் வருகிற வழியில் இத்தனை கைகள் இருப்பதால், பிடித்த பணம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கும் அத்தனை கைகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கு

மாதம் 15,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். வருங்கால வைப்பு நிதிக்கு, அதாவது பி.எஃப்.புக்கு, தொழிலாளியிடம் 12 சதவீதம் பிடிப்பார்கள்: 1,800 ரூபாய். அதே அளவு 1,800 ரூபாயை முதலாளி தன் கையிலிருந்து போட வேண்டும். முதலாளி போடும் பங்கில் 8.33 சதவீதம், ஏறத்தாழ 1,250 ரூபாய், ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும். மீதி 550 நம் பி.எஃப். கணக்கில் சேரும். இ.எஸ்.ஐ.க்கு தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 2019 ஜூலை முதல் இதுதான் விகிதம். 15,000 ரூபாய்க்கு முறையே 113, 488 ரூபாய்.

ஆக, தொழிலாளி கையிலிருந்து போவது 1,913 ரூபாய். முதலாளி சேர்க்க வேண்டியது 2,288 ரூபாய். இரண்டும் சேர்ந்து ஒரு தொழிலாளியின் பெயரில் மாதம் 4,201 ரூபாய் போய்ச் சேர வேண்டும். வருடத்துக்கு 50,412 ரூபாய். 300 பேரை வைத்து வேலை வாங்கும் ஒரு கான்ட்ராக்டர் கையில் மாதம் பன்னிரண்டரை லட்சத்துக்கு மேல் இப்படி நிற்கும். கட்டாமல் விட்டால் யாருக்கு லாபம் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பணம் வெறும் சேமிப்பும் அல்ல. இ.எஸ்.ஐ. ஒழுங்காகக் கட்டியிருந்தால் குடும்பத்துக்கே மருத்துவம் உண்டு. உடம்பு முடியாமல் படுத்தால் 70 சதவீதக் கூலி 91 நாள் வரை கிடைக்கும். பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளம். வேலையில் அடிபட்டால் 90 சதவீதம். வேலையிலேயே உயிர் போனால் குடும்பத்துக்கு மாதாமாதம் சார்ந்தோர் உதவித்தொகை. பி.எஃப்.போடு இணைந்த காப்பீட்டில், பணியில் இருக்கும்போது இறந்தவரின் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை உண்டு. பத்து வருடம் ஓய்வூதியத் திட்டத்தில் கட்டினால் 58 வயதில் பென்ஷன். இத்தனையும் அந்த 4,201 ரூபாய் போய்ச் சேருவதில் தொங்குகிறது.

எங்கே காணாமல் போகிறது

புழல் பக்கம் ஒரு யார்டில் ஆறு வருடமாகக் கூட்டிப் பெருக்கும் அக்கா ஒருவரிடம் சம்பளச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டேன். "சீட்டெல்லாம் எங்க தம்பி குடுக்குறாங்க? புடிக்கிறாங்கன்னு மட்டும் தெரியும்" என்றார். கணவருக்கு நெஞ்சுவலி வந்து இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போனபோதுதான், தன் பெயரில் எட்டு மாதமாகப் பணமே கட்டவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அயனாவரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர் வட்டிக்கு வாங்கி தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார். எட்டு மாதமும் கூலியில் பிடித்தம் மட்டும் நிற்கவே இல்லை.

சிறைச் சுவருக்குள் தண்டனைக் கைதியின் கூலியிலும் பிடித்தம் உண்டு. உணவு, உடைக்கு ஒரு பங்கு, பாதிக்கப்பட்டோர் நிதிக்கு ஒரு பங்கு. அது நியாயமா என்பது தனி விவாதம். ஆனால் எதற்கு எவ்வளவு என்று விதியில் எழுதி வைத்திருக்கிறார்கள். சுவருக்கு வெளியே சுதந்திரமாக வேலை செய்கிற பெண்ணுக்கு அந்தக் காகிதம்கூட இல்லை.

வேலை செய்கிற இடங்களில் நான் பார்த்த வழிகள் நான்கு. முதலாவது, இந்த அக்காவுக்கு நடந்தது: பிடிப்பார்கள், கட்ட மாட்டார்கள். இரண்டாவது, தொழிலாளி பங்கோடு முதலாளி பங்கையும் கூலியிலேயே பிடிப்பார்கள். "உனக்குத்தானே சேருது" என்பார்கள். சட்டப்படி முதலாளி பங்கில் ஒரு ரூபாயைக்கூடத் தொழிலாளி தலையில் கட்டக்கூடாது.

மூன்றாவது, சம்பளத்தை உடைப்பது. அடிப்படைச் சம்பளம் 6,000, மீதியெல்லாம் "படி" என்று எழுதி, 6,000-க்கு மட்டும் பி.எஃப். கட்டுவார்கள். எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்கிற படியும் அடிப்படைச் சம்பளத்தில்தான் சேரும் என்று 2019 பிப்ரவரியில் விவேகானந்தா வித்யாமந்திர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும், படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் மிகுதி சம்பளமாகவே எண்ணப்படும். அந்தத் தொகுப்புகளை எதிர்க்க நமக்கு வேறு நூறு காரணங்கள் இருக்கின்றன. ஆனால் கையில் கிடைக்கிற இந்த ஒரு வரியைப் பயன்படுத்தாமல் விட வேண்டாம்.

நான்காவது வழி சத்தமில்லாதது. டெண்டர் மாறும், கான்ட்ராக்டர் மாறுவார், வேலையும் ஆளும் இடமும் மாறாது. புது கான்ட்ராக்டர் பழைய யூ.ஏ.என். எண்ணைக் கேட்காமல் புது எண் போடுவார். மூன்று கான்ட்ராக்டர், மூன்று எண், ஒவ்வொன்றிலும் நான்கு வருடம். பன்னிரண்டு வருடம் ஒரே வாசலைக் கூட்டியவர் காகிதத்தில் நான்கு வருடக்காரர். பத்து வருடம் ஆகாததால் பென்ஷன் இல்லை என்று பணத்தை எடுத்துக்கொண்டு போகச் சொல்வார்கள். எடுக்கப் போனால் இன்னொரு வெட்டு: ஐந்து வருடத்துக்குள் 50,000 ரூபாய்க்கு மேல் பி.எஃப். எடுத்தால் 10 சதவீதம் வருமான வரி பிடிப்பார்கள். பான் கார்டு இல்லாவிட்டால் 20 சதவீதம். வருமான வரி வரம்பை எட்டிக்கூடப் பார்க்காதவரிடம் வருமான வரி! வரம்புக்குக் கீழே இருக்கிறேன் என்று உறுதிமொழிப் படிவம் (15ஜி என்று நாம் அறிந்தது) கொடுத்தால் இதைத் தவிர்க்கலாம். பழைய கணக்கைப் புது எண்ணோடு இணைத்துவிட்டால் முந்தைய வருடங்களும் கணக்கில் சேரும். இதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

யார் பொறுப்பு

கான்ட்ராக்டர் ஓடிவிட்டார், போன் எடுக்கவில்லை, கம்பெனியை மூடிவிட்டார். இதுதான் எப்போதும் வரும் பதில். தோழர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு: பி.எஃப். ஆனாலும் இ.எஸ்.ஐ. ஆனாலும் ஒப்பந்தத் தொழிலாளிக்கான பணத்தைக் கட்டும் முதல் பொறுப்பு, வேலை யாருக்காக நடக்கிறதோ அந்த முதன்மை முதலாளிக்கு. கான்ட்ராக்டரிடம் அவர் பிறகு வசூலித்துக்கொள்ளட்டும். 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டமும் 1952-ஆம் ஆண்டு பி.எஃப். சட்டமும் இப்படித்தான் எழுதப்பட்டன. தொழிலாளியிடம் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது வெறும் நிர்வாகத் தவறும் அல்ல, நம்பிக்கை மோசடிக் குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தின் 405-ஆம் பிரிவு சொன்னதை இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவும் சொல்கிறது.

அந்த அக்கா விஷயத்திலும் கான்ட்ராக்டரைத் தேடி அலைவதை நிறுத்திவிட்டு, யார்டு நிர்வாகத்துக்கும் இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கும் எழுதிய பிறகுதான் பணம் நகர ஆரம்பித்தது. வாங்கிய வட்டிக் கடன் மட்டும் இன்னும் அவர் தலையில் இருக்கிறது. அதற்கு எந்தச் சட்டத்திலும் படிவம் இல்லை.

உரிமையைச் சலுகையாக விற்பது

2025 ஆகஸ்ட் 1 முதல் பதின்மூன்று நாள் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்திருந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் பணி தனியாருக்குப் போனதை எதிர்த்த போராட்டம் அது. பெரும்பாலும் தலித் பெண்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் அவர்களைக் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். தேசிய நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தின் பெயரில் மாதம் ஏறத்தாழ 23,000 ரூபாய் வாங்கியவர்களுக்குத் தனியார் நிறுவனத்தில் கையில் கிடைக்கப்போவது ஏறத்தாழ 16,000.

அப்போது நிர்வாகத் தரப்பிலிருந்து சொல்லப்பட்ட சமாதானம் என்ன? தனியாருக்குப் போனால் பி.எஃப். கிடைக்கும், இ.எஸ்.ஐ. கிடைக்கும். மேலே போட்ட கணக்கை வைத்துப் பாருங்கள். தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு இரண்டையும் கூட்டினாலும் 4,201 ரூபாய்தான். குறைகிறதோ 7,000. பாக்கி எங்கே? அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. பி.எஃப். என்ன தனியார் நிறுவனம் கொண்டுவரும் சீர்வரிசையா? பென்ஷன் இல்லாத மாநகராட்சி ஊழியர்களையும் பி.எஃப். சட்டத்துக்குள் கொண்டுவரும் அறிவிக்கை 2011 ஜனவரியிலேயே வந்துவிட்டது. அதே ஆண்டில்தான் புழல் பேரூராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. அன்றிலிருந்து செய்ய வேண்டிய கடமையை, 2025-இல் கூலிக் குறைப்புக்கு இனிப்பாகத் தடவிக் காட்டினார்கள். பி.எஃப். கட்ட வேண்டியிருக்கிறது என்பதைக் காரணம் காட்டிக் கூலியைக் குறைக்கக்கூடாது என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது.

இதில் சாதி எங்கே

"எல்லா சாதி ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இதே நிலைதானே?" என்று ஒரு மாணவர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் இதுதான்: எந்த வேலை முதலில் ஒப்பந்தத்துக்குப் போகிறது என்று பாருங்கள். அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவர் நிரந்தரம், அதே அலுவலகத்தின் கழிவறையைக் கழுவுகிறவர் ஒப்பந்தம். நிரந்தர அரசுப் பணியில் பட்டியல் சாதியினருக்குத் தமிழ்நாட்டில் 18 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. ஒப்பந்தம் ஆனதும் மேல் வேலைகளில் அது காணாமல் போகிறது. கீழே, துடைப்பம் பிடிக்கிற இடத்தில் மட்டும் யாரும் சட்டம் போடாமலேயே நமக்கு இடம் நிரம்பி வழிகிறது.

வரலாறும் இப்படித்தான். அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர். அந்தக் காலத்தில்தான், 1943 மார்ச்சில், தொழிலாளர் சுகாதாரக் காப்பீட்டுத் திட்டம் தீட்ட பேராசிரியர் அதார்க்கர் நியமிக்கப்பட்டார். 1944-இல் அவர் அறிக்கை கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1948-இன் இ.எஸ்.ஐ. சட்டம். நாம் சிலைக்கு மாலை போடுகிற பாபாசாகேப் நம் சம்பளச் சீட்டிலும் இருக்கிறார். ஆனால் அந்தச் சட்டம் முதலில் வந்தது மின்சாரத்தில் ஓடும் பெரிய ஆலைகளுக்கு. 1952-இல் பி.எஃப். வந்தபோது சிமென்ட், சிகரெட், பொறியியல், இரும்பு எஃகு, காகிதம், ஜவுளி என்று ஆறு தொழில்களுக்கு மட்டும். தெருவைக் கூட்டுகிறவர், தோல் சுமப்பவர், வயல் வேலை செய்கிறவர் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். பிறகு சட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவைத் திறந்தது. அதற்குள் வேலை கான்ட்ராக்டர் கைக்கு மாறிவிட்டது.

"எங்க வரிப்பணம்"

இட ஒதுக்கீடு, உதவித்தொகை என்று பேச்சு வந்தால் "எங்க வரிப்பணத்துல" என்று ஆரம்பிப்பவர்களைக் கல்லூரியில் சந்தித்திருப்பீர்கள். அவர்களுக்கும் ஒரு கணக்குச் சொல்லுங்கள். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில், நிலைக் கழிவையும் சேர்த்து, ஆண்டுக்கு 12,75,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு வருமான வரி இல்லை. மாதம் ஒரு லட்சம் வாங்குகிறவரும் வருமான வரியாக ஒரு ரூபாய் கட்டாமல் இருக்கலாம்.

தொழில்வரியைப் பாருங்கள். சென்னை மாநகராட்சியில் அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினால் 1,250 ரூபாய். மாதம் 15,000 வாங்கும் தொழிலாளிக்கு அரையாண்டு வருமானம் 90,000. ஆகவே அவருக்கும் 1,250, மாதம் பத்து லட்சம் வாங்குகிற மேலாளருக்கும் அதே 1,250. ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில்வரி போடக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 276-ஆவது பிரிவு வரம்பு கட்டியிருப்பதால், மேலே போகப் போக அது ஏறாது. கடையில் சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் ஜி.எஸ்.டி. கட்டுகிறோம். நம் மக்கள் வரி கட்டாதவர்கள் அல்ல. ரசீது கிடைக்காத வரிகளைக் கட்டுகிறவர்கள்.

இதில் மாணவர்களுக்கும் நேரடியாக ஒரு எச்சரிக்கை. பட்டம் முடித்து முதல் வேலைக்குப் போகும்போது "கன்சல்டன்ட்" என்று ஒப்பந்தம் நீட்டினால் நிதானமாகப் படியுங்கள். காலை ஒன்பது மணிக்கு வருகைப் பதிவு, லீவுக்கு அனுமதி, மேலே அதிகாரி எல்லாம் இருக்கும். ஆனால் காகிதத்தில் நீங்கள் ஊழியர் அல்ல. பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, 10 சதவீதம் டி.டி.எஸ். மட்டும் பிடிப்பார்கள். ஆண்டு வருமானம் வரம்புக்குள் இருந்தால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கலாம். முதல் தலைமுறைப் பட்டதாரி வீட்டில் இதைச் சொல்லித்தர அண்ணனோ மாமாவோ ஆடிட்டராக இருக்க மாட்டார். நாம்தான் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும்.

"கையிலயே குடுத்துடுங்க"

ஒரு சங்கடமான உண்மையையும் பேசியாக வேண்டும். பி.எஃப். பிடிக்க வேண்டாம், முழுச் சம்பளத்தையும் கையில் கொடுங்கள் என்று நம் மக்களே கேட்கிறார்கள். கான்ட்ராக்டர்கள் இதைத்தான் முதலில் நம்மிடம் சொல்வார்கள்: "அவங்களே வேணாங்குறாங்க சார்." இதை "விழிப்புணர்வு இல்லை" என்று சொல்லித் தள்ளிவிடுவது படித்தவர்களின் சோம்பேறித்தனம். 15,000 ரூபாயில் வாடகை, ஸ்கூல் ஃபீஸ், வட்டி போக 1,913 என்பது பெரிய பணம். அதைவிட, பிடித்த பணம் திரும்பி வந்து அவர்கள் பார்த்ததே இல்லை. ஆதாரில் ஒரு பெயர், பி.எஃப்.பில் இன்னொரு எழுத்து, இனிஷியல் முன்னால் போனதா பின்னால் வந்ததா என்று அலைந்து அலைந்து விட்டுவிட்ட அத்தையை, பெரியம்மாவை ஒவ்வொரு தெருவிலும் பார்க்கலாம். திரும்பி வராத பணத்தைக் கையில் கேட்பது அறியாமை இல்லை, அனுபவம்.

அதனால் பிடித்தமே வேண்டாம் என்பது நம் கோரிக்கையாக முடியாது. அப்படிச் சொன்னால் முதலாளியின் 2,288 ரூபாயை நாமே தள்ளுபடி செய்கிறோம். பிடித்த பணம் பதினைந்து தேதிக்குள் கணக்கில் ஏற வேண்டும், ஏறியது தொழிலாளியின் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதே கோரிக்கை. ஒரு தெருவில் பத்துப் பேருக்குப் பணம் திரும்பி வந்தால், பதினொன்றாவது ஆளுக்கு விழிப்புணர்வு வகுப்பு தேவைப்படாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்

அம்பேத்கர் மன்றத்திலோ இரவுப் பாடசாலையிலோ ஒரு மேசை போடுங்கள். யூ.ஏ.என். எண்ணோடு இணைத்த மொபைலிலிருந்து 9966044425 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாகக் கட்டிய தொகை குறுஞ்செய்தியில் வரும். உமாங் செயலியில் பாஸ்புக்கை மாதவாரியாகப் பார்க்கலாம். பி.எஃப். நிறுவனத்தின் இணையதளத்தில் "நிறுவனத் தேடல்" பகுதியில் கான்ட்ராக்டர் பெயரைப் போட்டால், எந்த மாதம் எத்தனை பேருக்குப் பணம் கட்டினார் என்று தெரியும். முந்நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் எண்பது பேருக்குக் கட்டியிருந்தால் அதுவே ஆதாரம். மாநகராட்சி, துறைமுகம், மின்வாரியம் போன்ற பொது நிறுவனமாக இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒப்பந்த நகலையும், பில்லோடு இணைத்த பி.எஃப்., இ.எஸ்.ஐ. செலுத்துச் சீட்டுகளையும் கேளுங்கள். புகாரைத் தனி ஆளாகக் கொடுக்காதீர்கள். ஒருவர் கேட்டால் மறுநாள் வேலை போகும். நாற்பது பேர் கையெழுத்துப் போட்டு, முதன்மை முதலாளிக்கு ஒரு நகல், பி.எஃப். அலுவலகத்துக்கு ஒரு நகல் என்று அனுப்புங்கள்.

ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி பி.எஃப். நிறுவனம் மாவட்டந்தோறும் குறைதீர் முகாம் நடத்துகிறது. அதன் பெயர் "நிதி ஆப்கே நிகட்". "நிதி உங்கள் அருகில்" என்று அர்த்தமாம். புழலில் யாருக்கும் புரியாத பெயரில் அருகில் வந்து நிற்கிறார்கள். பெயரைப் பற்றிப் பிறகு சண்டை போடலாம். முகாமுக்கு மட்டும் அக்காக்களைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

கூலி உயர்வு கேட்டுப் போராடுவது பெரிய போராட்டம். ஏற்கெனவே சம்பாதித்த கூலியைக் கணக்குக் கேட்பது அதில் பாதி. சம்பளச் சீட்டு இல்லாத வேலை இடம் எது என்று உங்கள் பகுதியில் முதலில் பட்டியல் எடுங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.

ஜெய் பீம்.